கூந்தலும் ஒரு சேமிப்பே: வெப்பத்தால் முடியை நேராக்கும்போது கவனிக்க வேண்டியவை

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து இளம்பெண் ஒருவர் தம் கணக்கின் கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிப்பதற்காக எங்கள் கிளைக்கு வந்திருந்தார். பழைய விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேசைமீது வைத்தேன். அதில் ஒட்டியிருந்த ஒளிப்படத்தில் பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமி. இரட்டைச் சடைக்குள் அடங்க மறுத்து நெற்றியெங்கும் சுருண்டு கிடக்கும் அடர்ந்த முடி. எதிரே அமர்ந்திருந்தவருக்கோ தோளுக்கு மேலேயே நின்றுவிட்ட, நேரான, மெலிந்த முடி. நான் இரு முறை மாறி மாறிப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

"அது நான்தான் மேடம். அந்த முடிதான் இப்ப இல்ல" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் இரண்டாண்டுகளாக வேலை. அங்கே எல்லாரும் முடியை நேராக்கிக்கொண்டு வருவதால் தாமும் நாள்தோறும் காலையில் பேருந்துக்கு ஓடுவதற்கு முன் ஸ்ட்ரெய்ட்டனரை இழுத்துக்கொண்டதாகச் சொன்னார். முதல் ஆறு மாதம் பளபளப்பு. அடுத்த ஆறு மாதம் நுனிப் பிளவு. அதன்பின் சீப்பை வைத்தாலே முறிவு. புதிய ஒளிப்படத்தை ஒட்டிக் கையொப்பமிட்ட பிறகு, பழைய படத்தைத் தம் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது அவருடைய படந்தானே! படிவத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

அவருக்கு அறிவுரை கூறும் தகுதி அன்று எனக்கு இருக்கவில்லை. காரணம், என் வீட்டிலேயே அதே தவறு நிகழ்ந்திருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு ஸ்ட்ரெய்ட்டனரைப் பரிசாக வாங்கித் தந்தவள் நான். கல்லூரி ஆண்டு விழா நாளன்று நேரமாகிவிட்டதே என்று, தலைக்குக் குளித்த ஈரம் உலர்வதற்குள் அக்கருவியை எடுத்து அவள் முடியில் வைத்தவளும் நான்தான். 'சுர்'ரென்ற ஒலியுடன் ஆவி எழுந்தது. சட்டைக்கு இஸ்திரி போடுகையில் எழும் ஆவியைப் போன்றதே என்று எண்ணித் தொடர்ந்தேன். சில வாரங்களில் அவ்விடத்து முடிகள் பாதியளவில் முறிந்து நின்றன. "பரவாயில்லம்மா, வளர்ந்துடும்" என்று அவள் சொன்னாள். வளரும் என்பது உண்மை. எத்தனை காலத்தில் வளரும், அதற்குள் எவ்வளவு இழப்போம் என்பதை அறியவே அதன்பின் தேடிப் படித்தேன். தோல் மருத்துவர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவ்வாறு அறிந்தவற்றை நம் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடியின் அமைப்பு

தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்ற இழையாகும். வேர்ப்பையில் மட்டுமே உயிரணுக்கள் உள்ளன. ஆகவே கையில் ஏற்படும் கீறல் தானே ஆறுவதுபோல முடியில் ஏற்படும் சேதம் ஆறுவதில்லை. கணக்கியல் மொழியில் கூறுவதானால், முடியின் ஒவ்வோர் அங்குலமும் ஒரு நிலையான சொத்து. வாங்கிய நாள் முதல் அதற்குத் தேய்மானம் உண்டு. பராமரிப்பினால் தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்கலாம். தேய்ந்ததை மீட்க இயலாது.

முடியின் வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கப்பட்டிருப்பதைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாகப் படிந்துள்ளன. அவை ஒழுங்காகப் படிந்திருக்கும்போது ஒளி சீராகப் பட்டுத் திரும்புவதால் முடி பளபளக்கிறது. ஓடுகள் தூக்கிக்கொண்டால் கூரை ஒழுகுவது போல, செதில்கள் கிளம்பினால் உள்ளிருக்கும் ஈரமும் புரதமும் வெளியேறத் தொடங்குகின்றன. செதில்களுக்கு உள்ளே இருப்பது கெரட்டின் என்னும் புரத இழைகளாலான உட்பகுதி. முடியின் வலிமையும் நெகிழ்ச்சியும் அங்கேதான் உள்ளன.

அப்புரத இழைகளை இருவகைப் பிணைப்புகள் கட்டி வைத்துள்ளன. முதலாவது ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே இது வலுவற்றது, எண்ணிக்கையிலோ மிகுதி. நீரோ வெப்பமோ பட்டால் விடுபடும். உலர்ந்தாலோ குளிர்ந்தாலோ மறுபடியும் கூடிக்கொள்ளும். இரண்டாவது கந்தக அணுக்களால் ஆன டைசல்பைடு பிணைப்பு. இது வலிமையானது, நீருக்கு அசையாது. முடி சுருளுமா, நேராக வளருமா என்பதை வேர்ப்பையின் வடிவம் முடிவு செய்கிறது. சுருட்டை முடியைக் கருவியால் எத்தனை முறை நேராக்கினாலும், வேரிலிருந்து புதிதாக வளர்வது சுருட்டையாகவே வளரும்.

வெப்பம் செய்யும் வேலை

ஸ்ட்ரெய்ட்டனரின் இரு தட்டுகளுக்கிடையே முடி செல்லும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன. தட்டு இழுக்கும் திசையில் இழைகள் நேராகின்றன. குளிர்ந்தவுடன் அந்த நேரான நிலையிலேயே பிணைப்புகள் மீண்டும் கூடுகின்றன. மீண்டும் நீர் படும் வரையில் அந்நிலை நீடிக்கும். இவ்வளவே அதன் சூட்சுமம். இந்த அளவோடு நின்றால் பெருங்கேடு இல்லை. வெப்பம் வரம்பு மீறும்போது கெரட்டின் புரதமே சிதைகிறது. ஒருமுறை சிதைந்த புரதம் பழைய நிலைக்குத் திரும்பாது. மறையூரில் வெல்லம் காய்ச்சுவோர் நன்கறிவர்: பாகு பதம் தப்பிவிட்டால் அதை மீட்க வழியில்லை.

எந்த வெப்பத்தில் பதம் தப்பும் என்பதை முடியிலுள்ள ஈரம் தீர்மானிக்கிறது. நன்கு உலர்ந்த முடியின் கெரட்டின் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வரை முற்றாகக் குலையாமல் தாங்கும். நீரில் ஊறிய முடியிலோ ஏறத்தாழ 150 டிகிரியிலேயே அது குலைந்துவிடும். கடைகளில் விற்கும் கருவிகள் பலவற்றின் உச்ச வெப்பநிலையே 230 டிகிரியாக உள்ளது என்பதை இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், ஈரமுடியின் உள்ளே சிக்கிய நீர் நொடியில் ஆவியாகி விரிவதால் இழையினுள் நுண்ணிய குமிழிகள் உண்டாகின்றன. மருத்துவ நூல்களில் இதற்குக் 'குமிழி முடி' என்றே பெயர். குமிழி உண்டான இடத்தில் முடி எளிதில் முறியும். என் மகளுக்கு அன்று நேர்ந்தது இதுவாகவே இருக்கக்கூடும்.

மூணாற்றின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தைப் பறித்தவுடன் உலர்த்தும் கருவியில் இடுவதில்லை. முதலில் காற்றோட்டத்தில் வாட்டி ஈரத்தைக் குறைத்த பின்னரே அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்வர். முடிக்கும் அதே நெறி பொருந்தும். முதலில் ஈரம் வாட்டம், பிறகுதான் வெப்பம்.

மூடுபனியும் கணவாய்க் காற்றும்

நம் கிளைகள் உள்ள பகுதிகள் ஒரே மாநிலத்தில் இருப்பினும் தட்பவெப்பத்தில் இரு துருவங்கள் எனலாம். இந்த வேற்றுமை முடி பராமரிப்பில் பெரிதும் எதிரொலிக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் அமைந்த மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் மழைக்காலம் முழுவதும் காற்று ஈரம் நிறைந்திருக்கும். காலையில் ஒரு மணி நேரம் செலவிட்டு நேராக்கிய முடி, பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் மூடுபனியில் நின்றாலே மறுபடியும் சுருளத் தொடங்கும். காற்றின் ஈரம் ஹைட்ரஜன் பிணைப்புகளை மீண்டும் அவிழ்த்துவிடுவதே காரணம். மனித முடி ஈரத்திற்கு எவ்வளவு நுட்பமாக அசைகிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹொரேஸ் பெனடிக்ட் டி சொசூர், 1783இல் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியொன்றை விவரித்து நூல் வெளியிட்டார். அக்கருவியின் முதன்மை உறுப்பு மனித முடி. முற்றிலும் வறண்ட நிலையிலிருந்து ஈரம் நிறைந்த நிலைக்கு மாறும்போது முடி ஏறத்தாழ 2 முதல் 2.5 விழுக்காடு நீள்கிறது. அந்த நீட்சியே முள்ளை நகர்த்தும்.

ஆகவே மலைப்பகுதி வாசகர்கள் ஆனி, ஆடி மாதங்களில் கருவியின் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. வெப்பம் 230 ஆனாலும் மூடுபனி தன் வேலையைச் செய்தே தீரும். அந்நாள்களில் பின்னலோ கொண்டையோ இட்டுக்கொண்டு, நேராக்குவதை உலர்ந்த நாள்களுக்கென ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதிகளான சித்தூர், வேலந்தாவளம், முதலமடை ஆகியவற்றின் நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. பங்குனி, சித்திரையில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டுவதும் உண்டு. இங்கே நேராக்கிய முடி நெடுநேரம் நேராகவே நிற்கும். எனினும் ஏற்கெனவே ஈரம் குறைந்த முடிக்கு மேலும் வெப்பம் ஏற்றுவதால் அது நொறுங்கும் தன்மையை அடைகிறது. இப்பகுதியினர் மலைப்பகுதியினரைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். சோப்பு எளிதில் நுரைக்காத ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில், அந்நீரிலுள்ள உப்புகள் முடியில் படிந்து சொரசொரப்பை உண்டாக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமேனும் சேமித்த மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ பயன்படுத்துவது நல்லது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

வங்கியில் பணியாற்றுவோருக்கு எதையும் எண்ணால் அளந்து பார்த்தால்தான் மனம் அமையும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர், ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வளர்வதாகக் கொள்வோம். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி, நான்காண்டுகளுக்கு முன் வேரிலிருந்து புறப்பட்டது. வாரத்திற்கு இருமுறை நேராக்குபவர் ஆண்டுக்கு 104 முறையும், நான்காண்டில் 416 முறையும் நேராக்குகிறார். ஒவ்வொரு முறையும் அதே கற்றைமீது மூன்று தடவை கருவியை இழுத்தால், நுனி முடி சூட்டைச் சந்தித்த கணக்கு 1,248.

இதையே வாரத்திற்கு ஒருமுறை, கற்றைக்கு ஒரே இழுப்பு என மாற்றிக்கொண்டால் கணக்கு 208 ஆகிறது. ஆறில் ஒரு பங்கு! கருவியை அறவே கைவிடாமலேயே, பழக்கத்தைத் திருத்துவதால் மட்டும் கிடைக்கும் சேமிப்பு இது. நுனிதான் முதலில் பிளக்கிறது என்பதன் காரணமும் இக்கணக்கில் விளங்கும். வேருக்கு அருகிலுள்ள முடி நேற்றைய வரவு. நுனியோ நான்காண்டுச் செலவைச் சுமந்து நிற்பது.

மின்கட்டணத்தில் இச்செலவு தெரியாது. 40 வாட் கருவியை இருபது நிமிடம் வீதம் எழுபத்தைந்து முறை இயக்கினால்தான் ஒரு யூனிட் ஆகும். செலவு முழுவதும் தலையின் கணக்கிலேயே பற்று வைக்கப்படுகிறது.

நேராக்குவதற்கு முன்

எண்ணெய் தேய்ப்பது நம் இருமாநில மரபிலும் உண்டு. அதன் பயனை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு மும்பையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாகக் கண்டறிந்தனர். அதிலுள்ள லாரிக் அமிலம் இழையின் உள்ளே ஊடுருவ வல்லது. எனவே தலைக்குக் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்து ஊறவிடுவது நற்பழக்கம். ஆனால் எண்ணெய் வடியும் முடியில் சூடான தட்டை வைக்கலாகாது. எண்ணெய் குளியலுக்கு முன்னர். கருவி குளித்து உலர்ந்த பின்னர்.

குளித்தபின் துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈர முடி இழுவைக்கு எளிதில் நீண்டு முறியுமாதலால் அகலப் பல் சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து வர வேண்டும். ஹேர் டிரையர் பயன்படுத்துவோருக்குக் கொரிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று வழிகாட்டுகிறது. டிரையரை முடியிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தபோது முடியை அடைந்த வெப்பம் 47 டிகிரி; 10 சென்டிமீட்டரில் 61; 5 சென்டிமீட்டரில் 95. தொலைவில் பிடித்து இடைவிடாது அசைத்துக்கொண்டே உலர்த்தினால் சேதம் குறைவு என்பது அவர்களின் முடிவு. ஒரு சாண் தொலைவு என நினைவில் கொண்டால் போதும். சாம்பிராணித் தூபத்தில் கூந்தலை உலர்த்திய நம் பாட்டிமாரும், சங்க காலத்தில் அகிற்புகை ஊட்டிய மகளிரும் கடைப்பிடித்த முறையும் இதுவே: தணிந்த வெப்பம், தள்ளி நின்று.

முடி முற்றும் உலர்ந்ததா என்பதை உள்ளங்கையில் ஒரு கற்றையை அழுத்திப் பார்த்து அறியலாம். குளிர்ச்சி உணரப்பட்டால் ஈரம் இன்னும் உள்ளது. சுருட்டை முடியின் உட்புறமும் பிடரியும் கடைசியாக உலரும் இடங்கள்.

அடுத்து, ஹீட் புரொடெக்டன்ட் எனக் கடைகளில் கிடைக்கும் வெப்பக் காப்புப் பூச்சு. டைமெத்திகோன் முதலிய சிலிக்கோன்களும் சில பாலிமர்களும் முடியின்மீது மெல்லிய படலமாகப் படிந்து வெப்பம் உட்புகும் வேகத்தைத் தணிக்கின்றன; செதில்களின் உராய்வையும் குறைக்கின்றன. இதைக் காப்பீட்டுக்கு ஒப்பிடலாம். இழப்பை ஓரளவு தாங்கும். இழப்பே நேராது என்று உறுதி தராது. பூச்சு இட்டபின் அது உலரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரப் பூச்சின்மீது கருவியை வைத்தால் ஈரமுடிக்கு நேரும் கேடே நேரும்.

நேராக்கும்போது

வெப்பநிலையை எண்ணால் காட்டும் கருவியையே வாங்குங்கள். 'ஆன்', 'ஆஃப்' என இரண்டே நிலைகள் உள்ள மலிவான கருவி எத்தனை டிகிரியில் இயங்குகிறது என்பதை அறியும் வழி நமக்கில்லை. மெல்லிய முடிக்கும் சாயமிட்ட முடிக்கும் 150 டிகிரிக்குள். நடுத்தர முடிக்கு 150 முதல் 180 வரை. மிகத் தடித்த சுருட்டை முடியாயினும் 200ஐத் தாண்டாமல் இருப்பது நலம். குறைந்த அளவில் தொடங்கி, போதாவிடில் மட்டும் பத்துப் பத்தாக உயர்த்துங்கள்.

முடியைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தடித்த கற்றையில் வெளிமுடி கருகும். உள்முடி சுருண்டே இருக்கும். அதனால் மறுபடி மறுபடி இழுக்க நேரும். வேரிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி நுனி வரை ஒரே சீராக இழுக்க வேண்டும். ஓரிடத்தில் ஓரிரு நொடிக்கு மேல் நிறுத்தலாகாது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகமும் உலர்ந்த முடியில் மட்டும், குறைந்த அல்லது நடுத்தர வெப்பத்தில், ஒன்றுவிட்டு ஒரு நாளுக்கு மேற்படாமல் பயன்படுத்துமாறே கூறுகிறது. 'சுர்' ஒலியோ, ஆவியோ, தீய்ந்த வாடையோ எழுந்தால் அக்கணமே நிறுத்திவிடுங்கள்.

நேராக்கிய பின்

பிணைப்புகள் கூடுவது குளிரும்போதுதான் என்று கண்டோம். ஆகவே சூடு ஆறும் வரை முடியைக் கட்டாமலும் காதின்பின் செருகாமலும் விடுங்கள். இரவில் பருத்தித் தலையுறையின் உராய்வில் முடி சிக்குண்ணும். பழைய பட்டுத் துணியால் தைத்த உறை போதும். இப்படிக் காத்தால் ஒருமுறை நேராக்கியது மூன்று நான்கு நாள் நிற்கும். மறுநாளே கருவியைத் தேட வேண்டியதில்லை. பிளந்த நுனியை நிலையாக ஒட்டவைக்கும் பசை எதுவும் இல்லை. அரை அங்குலம் வெட்டிவிடுவதே மேலும் பிளவு ஏறாமல் காக்கும் வழி.

வெப்பமின்றியும் ஓரளவு நேராக்கலாம். சற்றே ஈரமான முடியை நான்கைந்து தளர்ந்த பின்னல்களாக இட்டு, முழுதும் உலர்ந்தபின் அவிழ்த்தால் சுருட்டை விரிந்து நெளிமுடியாக நிற்கும். பெரிய ரோலர்களில் சுற்றி உலர்த்தினாலும் இதே பயன் கிட்டும். நீரால் அவிழ்ந்த பிணைப்புகள் உலரும்போது நாம் விரும்பிய வடிவில் கூடுகின்றன என்பதே இதன் அடிப்படை.

நிலையாக நேராக்குவோர் கவனத்திற்கு

திருமணத்தை முன்னிட்டு அழகு நிலையங்களில் 'ஸ்மூத்தனிங்', 'கெரட்டின் டிரீட்மென்ட்' எனப் பல ஆயிரம் ரூபாய் செலவிடுவோர் நம் வாடிக்கையாளர்களிலும் பலர் உளர். இவற்றுள் சில முறைகள் வேதிப்பொருளால் டைசல்பைடு பிணைப்பையே உடைத்து மாற்றி அமைப்பவை. வேறு சில, ஃபார்மால்டிஹைடு அல்லது சூடுபட்டால் அதனை வெளியிடும் பொருள்களைக் கொண்டவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. அது இல்லை என்று பெயர்ச்சீட்டில் அச்சிட்டிருந்த பொருள்களிலும் அது இருந்ததை அமெரிக்காவின் ஒரிகன் மாநில அதிகாரிகள் 2010இல் சோதித்துக் கண்டனர்.

அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், நேராக்கும் வேதிப்பொருள்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியதாகக் கூறியவர்களிடையே கருப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. எழுபது வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு முன்னவர்க்கு 4.05 விழுக்காடு, பின்னவர்க்கு 1.64 விழுக்காடு. தொடர்பைக் காட்டும் ஆய்வே இது. இதுதான் காரணம் என்று நிறுவியதன்று. ஆயினும் அடிக்கடி செய்துகொள்வோர் நின்று யோசிக்க இது போதுமான காரணம். என்ன பொருளை இடுகிறீர்கள் என்று கேட்டுப் பெயர்ச்சீட்டைப் படித்துப் பாருங்கள். கண் எரிந்தாலோ தொண்டை கரகரத்தாலோ எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கருவுற்றிருக்கும் காலத்தில் தள்ளிப்போடுவதே சிறந்தது.

அழகு நிலையம் தொடங்க விழைவோருக்கு

எல்லையோர ஊர்களில் முத்ரா கடன் கேட்டு வரும் பெண்களில் அழகு நிலையம் தொடங்க விரும்புவோர் குறிப்பிடத்தக்க அளவினர். 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ரூ.50,000 வரை சிசு, ரூ.5 லட்சம் வரை கிஷோர், ரூ.10 லட்சம் வரை தருண் என்னும் பிரிவுகளில் கடன் பெறலாம். திட்ட அறிக்கை தயாரிக்கையில் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் விலைப்பட்டியல் கொண்டுவருவோர், காற்றை வெளியேற்றும் விசிறியை மறந்துவிடுகின்றனர். அடைத்த குளிர்பதன அறையில் நாள்தோறும் ஆறேழு பேருக்கு நேராக்கும் தொழிலாளியே அந்த ஆவியை மிகுதியாகச் சுவாசிப்பவர். எக்ஸாஸ்ட் விசிறி, வெப்பநிலை காட்டும் தரமான கருவி, கையுறை ஆகியவற்றையும் அறிக்கையில் சேருங்கள். அவை உங்கள் தொழிலின் முதலுக்கே பாதுகாப்பு.

வீட்டுக்குக் கருவி வாங்குவோர் ரசீதும் உத்தரவாத அட்டையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தானே அணையும் வசதி உள்ளதா எனப் பாருங்கள். சூடான கருவியை மெத்தைமீது வைப்பதும், குளியலறையில் பயன்படுத்துவதும் கூடாது. பாதி விலை எனக் கைப்பேசிக்கு வரும் இணைப்புகளைத் தொட்டுப் பணம் செலுத்தி ஏமாந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

நிறைவாக

முடியை நேராக்குவதும் நேராக்காததும் அவரவர் விருப்பம். விருப்பமாக இருக்கும் வரையில் அதில் குறை காண்பதற்கில்லை. வேலைக்கு வருபவர் இப்படித்தான் தோன்ற வேண்டும் என்னும் எழுதப்படாத விதியாக அது மாறும்போதுதான் சிக்கல். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019இல், இயற்கையான முடியமைப்பைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ வேற்றுமை பாராட்டுவதைத் தடை செய்து சட்டமே இயற்றியது. நமக்குச் சட்டம் தேவைப்படாமலிருக்கட்டும். வீட்டிலும் பணியிடத்திலும் ஒரு சொல் போதும்.

ஆனி மாத இறுதியில் அந்தப் பெண் மீண்டும் கிளைக்கு வந்தார். தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும் என்றார். முறிந்த நுனிகளை வெட்டிவிட்டிருந்தார். வேரிலிருந்து இரண்டங்குல நீளத்திற்குப் பழைய சுருட்டை எழுந்து நின்றது. அதன்கீழ் இன்னும் நேரான பழைய முடி.

"கடையில ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் கேட்டாங்க மேடம். அப்புறம் யாரும் கேக்கல" என்று சொல்லிச் சிரித்தார்.

மாதம் ஐந்நூறு ரூபாய், மூன்றாண்டுக் காலம். முதிர்வு நாளில் அவருடைய கூந்தல் முதுகின் நடுப்பகுதியை எட்டியிருக்கும் என்று மனத்துள் கணக்கிட்டுக்கொண்டே படிவத்தில் முத்திரையிட்டேன்.